வளையல் அளவு கேட்கிறார்கள்

அன்புப் பேத்தி கலைப்பிரியாவுக்கு, ஆயா முனியம்மாள் எழுதிக்கொண்டது.

இன்றைய தேதி வரைக்கும் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும், உன் வீட்டுக்காரன் சித்தார்த்தனும், வயிற்றில் இருப்பதும் அங்கே அப்படியே இருக்கவேண்டும் என்று மயிலம் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலை சிறுத்துவிட்டது. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மா புனிதா அதற்கு உன் பெயரை வைத்துக் கூப்பிடுகிறாள். உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று உன் அப்பன் போட்ட சட்டத்தை அவள் அப்படித் தாண்டிவிட்டாள். நல்ல வேலை செய்தாள்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். என் தம்பி முருகையன் படிக்கவேண்டும் என்று என்னை மாடு மேய்க்க அனுப்பினார்கள். அவனும் படிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நிறுத்தி நிறுத்திப் படி. நீ இருக்கும் ஊர் பெயரை இதில் எங்கேயும் எழுதவில்லை. தபாலிலும் போடவில்லை. உன் மாமியார் அம்சவள்ளி கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் அவள் போனில் என்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டாய். “ஆயா, அம்மாவுக்கு போன் போட்டேன், அப்பா எடுத்துட்டாரு. அழுதாரு ஆயா. நடந்தது நடந்துபோச்சி, ஏழாம் மாசம் வளைகாப்பு பண்ணி ஊட்டுக்கு இட்டுக்கினு வர்றேன், பிரசவம் இங்கயே பாத்துக்கலாம்னாரு. வரட்டுமா?” என்றாய். அப்போது நான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். பின்னாலேயே நம் தெருக்காரி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதுதான் அந்த அப்புறம்.

வராதே.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் இரண்டு பேரும் ஓடிப்போன கதையை ஒரு தடவை எழுதிவைக்கிறேன். உன் வயிற்றில் இருப்பது பெரிதாகி, எங்கள் அம்மாவும் அப்பாவும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால், ஊர் சொல்லும் பொய்யை அது கேட்கக்கூடாது. நீ போனில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் கோர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது. தப்பாக இருந்தால் அம்சவள்ளியிடம் சொல்லி அனுப்பு.

போன வருஷம் பங்குனி மாதம். நீ திண்டிவனத்தில் கண்ணாடிக் கடை வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாய். விழுப்புரம் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையைப் போட்டு இடம் பிடித்தாய். ஏறிப் பார்த்தால் அந்தச் சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு மிக்சி ஜார். கேட்டால், உன் பைக்கு அடியில் அவன் கைக்குட்டை இருக்கிறதாம், அவன்தான் முதலில் போட்டானாம். “கைக்குட்டையெல்லாம் ஒரு சாமானா? பையிதான் கணக்கு” என்று நீ சொன்னாய். “அப்படின்னா வீட்டு பீரோவ எடுத்தாந்து போட்டிருக்கலாமே” என்று அவன் சொன்னான். பஸ்ஸில் பாதிப் பேர் உன் பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம். கடைசியில் கண்டக்டர் வந்து, “உங்க புருஷன் பொண்டாட்டி சண்டைய ஊட்டுல வச்சிக்குங்கம்மா, ரெண்டு பேரும் உக்காருங்க, வண்டி எடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு சீட்டு இல்லை. உட்கார்ந்தீர்கள்.

அப்புறமும் வாயை மூடினீர்களா? இல்லை. வெயில் அடிக்கிறது என்று அவன் ஜன்னல் ஷட்டரை இறக்கினான். காற்று வேண்டும் என்று நீ ஏற்றினாய். திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஏற்றம் இறக்கந்தான். ஜார் உன் முழங்காலில் இடிக்கிறது என்று நீ சத்தம் போட்டாய். அவன் அம்மாவின் ஜாருக்கு பிளேடு ஒடிந்துபோய், அது விழுப்புரத்துக் கடையில்தான் கிடைக்கும் என்று சொன்னார்களாம், அதற்காகப் போகிறானாம். “நான் கேக்காமலே ஏன் சொல்ற, நான் என்ன சட்னியா அரைக்கப் போறேன்” என்று கேட்டாயாம். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த பஸ்ஸின் பின்னால், உன்னைப் பெண் கேட்டிருந்த பிரவீன்குமார் நின்றுகொண்டு வந்தான். அது உனக்குத் தெரியாது. அவன் உன் அப்பனுக்கு போன் போட்டான். நான் கொல்லையில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பன் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். “மாமா, உங்க பொண்ணு எவன்கூடவோ ஒரே சீட்டுல சண்டை போட்டுக்கினு வருது” என்றான். சண்டைதானே என்றான் உன் அப்பன். அதற்கு அவன் சொன்னான், “அன்னியங்கிட்ட எந்தப் பொண்ணாவது இப்படிச் சண்டை போடுமா மாமா? கொஞ்ச நாளாவது பழகியிருந்தாத்தான் இந்த உரிமை வரும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பையன் கையில நீலக் கயிறு கட்டியிருக்கான் மாமா” என்றான்.

அவ்வளவுதான். நீங்கள் சிரித்துப் பேசியிருந்தால்கூட யாரோ தெரிந்தவன் என்று விட்டிருப்பார்கள். சண்டை போட்டதால் ஜோடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன் அப்பன் பரண் மேலிருந்து எதையோ எடுத்து உரச் சாக்கில் சுற்றினான். அவனோடு இரண்டு வண்டி கிளம்பியது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு. உன் அம்மா போனை எடுத்து எடுத்து வைத்தாள். போடுடி என்று சொல்லி, அவள் போனைப் பிடுங்கி, உன்னோடு பேசியது நான்.

நான் கேட்டது நினைவிருக்கிறதா? பக்கத்தில் யார் என்றேன். “எவனோ ஒரு லூசு ஆயா, என் சீட்டைப் புடிச்சிக்கினு பேஜாரு பண்றான்” என்றாய். “லூசோ எவனோ, விழுப்புரம் வராத. விக்கிரவாண்டியில ஜல்தியா எறங்கு. அவனையும் இழுத்துக்கினு எறங்கு. அவன் விழுப்புரத்துல எறங்கினா பொணம்” என்றேன். நீ ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அதற்காக உன்னை நான் எப்போதும் மெச்சிக்கொள்வேன்.

முன்பின் தெரியாத ஒருத்தனை எப்படி இறக்குவது? நீ ஜாரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாய். “ஏ பொண்ணே, எங்கம்மா ஜாரு, எங்கம்மா ஜாரு” என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் குதித்தான். பஸ் போய்விட்டது. அவன் உயிர் அந்த ஜாரில் இருந்தது.

அப்புறம் மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து குனிந்து ஓடியது, தர்பூசணி லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு கிசுகிசுவென்று சண்டை போட்டது, லாரிக்காரர் இறங்கி வந்து “கொஞ்சம் தூங்குங்கப்பா, எனக்கே தலைவலிக்குது” என்று சொன்னது, எல்லாம் நீ சொன்னபடியே எனக்குள் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும்விட ஒன்று எனக்குப் பெரியது. அவன் ஒரு டீக்கடை வாசலில் அவன் அம்மாவுக்கு போன் போட்டான். பிரவீன்குமார் ஆளை விசாரித்துச் சொல்ல, ஒலக்கூர்ப் பக்கத்தில் அவர்கள் வீட்டுக் கதவை உடைத்து, அம்சவள்ளியின் கையை முறித்துவிட்டுப் போயிருந்தார்கள் நம் ஆட்கள். அவன் அப்படியே ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் முதல்முதலாகச் சண்டையை நிறுத்தினாய். துப்பட்டாவால் ஜாரைத் துடைத்து அவன் மடியில் வைத்தாய். மகளிர் விடுதியில் நீ, லாரி ஷெட்டில் அவன் என்று தனித்தனியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தித்துச் சண்டை போட்டு, கார்த்திகை மாதம் ஒருநாள், “ஆயா, அந்த லூசைக் கட்டிக்கினேன்” என்று நீ சொன்னபோது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் உனக்குக் கல்யாணம் ஆனது அந்த டீக்கடை வாசலிலேயே என்பது என் எண்ணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை அஞ்சலையை நீ போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறாய். சுவரில் கண்ணாடி மூலை உடைந்து தொங்கும் படம். வயிற்று வலி வந்து செத்துப்போனாள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். உன் அப்பனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் செஞ்சி ரைஸ் மில்லில் வேலை செய்த பையனோடு போய்விட்டாள். சேத்துப்பட்டுப் பக்கம் குடியிருந்தார்கள். எங்கள் அப்பா முதலில் தலைமுழுகினேன் என்றார். அஞ்சலை முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் அழுதார். சோறு தண்ணீர் இல்லாமல் அழுதார். முருகையன்தான், வளைகாப்பு பண்ணி அழைத்துவந்துவிடலாம் அப்பா என்று தேற்றினான். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான், அதை யார் தட்டுவார்கள்? பூ, பழம், புளிசாதம், தயிர்சாதம் என்று தட்டு தட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் முருகையன் என்னிடம் வந்து, “அக்கா, நம்ம அஞ்சலைக்கு இன்னா அளவு வளையலு?” என்று கேட்டான். ரெண்டேகால் என்று சொன்னேன்.

வந்தாள். கை நிறைய பச்சையும் சிவப்பும். கன்னத்தில் சந்தனம். உன் அப்பன் அப்போது என் இடுப்பில் இருந்த பிள்ளை. நலங்கு மஞ்சளை அவன் மூக்கில் தடவிவிட்டு, அவன் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா வடை சுட்டாள். இரண்டு நாள் வீடு வீடாக இருந்தது. மறுநாள் நான் என் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் ஆள் வந்தது, அஞ்சலைக்கு வயிற்று வலி, போய்விட்டாள் என்று. நான் வருவதற்குள் எரித்துவிட்டார்கள். அவள் புருஷன் ஏரிக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஊருக்குள் விடவில்லை. அப்புறம் அவன் என்ன ஆனான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாட்டுக் கொட்டகையைப் பெருக்கும்போது மூலையில், தொட்டிக்குப் பின்னால், வளையல் துண்டுகள் கிடந்தன. பச்சையும் சிவப்பும். வயிற்று வலிக்காரி மாட்டுக் கொட்டகையில் போய் ஏன் வளையலை உடைத்துக்கொள்கிறாள்? முருகையனைக் கேட்டேன். “உனக்கும் புள்ள இருக்கு, பேசாம இரு” என்றான். அன்றைக்கு அவனோடு நிறுத்திய பேச்சுதான். அவன் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் நான் போனதில்லை. அவன் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவேன். கிழவிக்கு வீம்பு என்று நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். உனக்கு ஒருத்திக்குத்தான் இப்போது காரணம் சொல்கிறேன்.

அந்த முருகையன் இப்போது அடிக்கடி இங்கே வருகிறான். நடக்க முடியாமல் கோல் ஊன்றி வருகிறான், ஆனாலும் வருகிறான். உன் அப்பனோடு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பேசுகிறான். டீ கொண்டுபோனால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். வாசலில் பிரவீன்குமார் வண்டியை அணைக்காமல் நிற்கிறான். போன வெள்ளிக்கிழமை முருகையன் உன் அம்மாவிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, “நம்ம கலைக்கு இன்னா அளவு வளையலு வாங்கணும்?” என்று கேட்டான்.

அதே வாய். அதே கேள்வி.

உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சுவரைப் பார்த்து ரெண்டரை என்று சொன்னேன். உன் கைக்கு ரெண்டரை கழன்று விழும். விழட்டும்.

உன் அப்பனைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவன் என் பிள்ளை. நீ போன் போட்ட நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் அறையில் ஓடாமல் கிடந்த ஃபேனை ஆள் வைத்துச் சரிசெய்திருக்கிறான். கயிற்றுக் கட்டிலைப் புதிதாகப் பின்னச் சொல்லியிருக்கிறான். கன்றுக்குட்டியை புனிதா கலை என்று கூப்பிடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கண்ணில் தண்ணீர் இருக்கிறது. நான் பார்த்தேன். அவன் உன்னிடம் அழுதது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது நிஜமாகவே இருக்கலாம். நீ வந்தால் தலைமேல் வைத்துத் தாங்கினாலும் தாங்குவான்.

ஆனால் எங்கள் அப்பா அழுததும் நிஜந்தான் கலை. அவர் அழுததை நான் பார்த்தேன். அஞ்சலை எரிந்த பிறகும் அவர் அதே போல்தான் அழுதார். இரண்டு அழுகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், என் பிள்ளையின் கண்ணீரை நம்பி என் பேத்தியை நான் அனுப்பமாட்டேன். அவனைத் தப்பாக நினைத்த பாவம் எனக்கே இருக்கட்டும்.

அந்த போன் நம்பரை இன்றைக்கே மாற்றிவிடு. அம்மாவுக்கு போன் போடாதே. அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு பேசுவாள், அது போதும் என்று இருப்பாள்.

அம்சவள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் தேடிப்போனேன். “உங்க பொண்ணு எம்புள்ளைய இட்டுக்கினு ஓடிட்டாளே” என்று அவள் கத்தினாள். உன் பிள்ளைதான் எங்கள் பெண் சீட்டில் உட்கார்ந்தான் என்று நானும் கத்தினேன். கைக்குட்டையா பையா என்று நாங்களும் அந்தப் பஞ்சாயத்தைப் பேசி முடித்தோம். கடைசியில் அவளே ஒரு கையால் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அதற்கப்புறந்தான் எனக்குத் திண்டிவனம் டாக்டரம்மா கைராசிக்காரி ஆனாள், மாத்திரை வாங்கும் சாக்கில் அம்சவள்ளியைப் பார்த்துவிடுவேன். விழுப்புரத்தில் இல்லாத மாத்திரையா என்று உன் அப்பன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் கை இன்னும் சரியாக மடங்குவதில்லை, பாரம் தூக்க விடாதே. உன்னை அவள் நன்றாகத் திட்டுவாள். திட்டினால் திருப்பித் திட்டு, அவளுக்குப் பிடிக்கும்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலில் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குவதால் உட்கார்ந்தே தூங்குகிறேன். அடுத்த தடவை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் பேசவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். நான் உன் அப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால், ஆயா கிடையாகக் கிடக்கிறாள், வந்து முகம் பார்த்துவிட்டுப் போ என்று உனக்குச் சேதி வரும். என்னை அவர்கள் தூண்டிலில் புழுவாகக் குத்தக்கூடாது. அதனால் நான் நன்றாக நடக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஒருநாள் உனக்கு எப்படியாவது சேதி வரும், ஆயா போய்விட்டாள் என்று. உன் அப்பன் சொல்லலாம், உன் அம்மா சொல்லலாம், பாடையைப் போட்டோ எடுத்தும் அனுப்பலாம். பொய் என்று நினைத்துக்கொள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேத்தி வரவேண்டாமா என்று யாராவது கேட்டால், கேட்கட்டும். என் பந்தம் எரியாமலே போகட்டும். நீ வராதே. ஆயா இன்னும் திண்டிவனத்தில் மாத்திரை வரிசையில் நிற்கிறாள் என்றே வைத்துக்கொள்.

அம்சவள்ளியின் பையில் வளையல் இருக்கிறது. ரெண்டேகால். பச்சையும் சிவப்பும் வாங்கவில்லை, மஞ்சளும் நீலமும் வாங்கினேன். அவளே உனக்குச் சந்தனம் பூசி, அந்தப் பிள்ளையையே போட்டுவிடச் சொல். புருஷன் போடுவது வழக்கமில்லை என்று யாராவது சொன்னால், எங்கள் வீட்டு வழக்கத்தை எங்கள் ஆயா பார்த்துவிட்டாள் என்று சொல். புளிசாதத்துக்கு வெல்லம் கிள்ளிப் போட மறக்காதே. அம்சவள்ளி அவள் வீட்டு மிக்சியையும் கட்டிக்கொண்டு வருகிறாள், இத்தனை நாளும் ஜார் இல்லாமல் சும்மா கிடந்தது. ஜார் உங்களிடம் இருக்கிறது. பிளேடும் மாற்றிவிட்டானாமே. இனி சட்னி அரைக்கலாம்.

பெண் பிறந்தால் அஞ்சலை என்று வை. வளையல் உடையாமல் பார்த்துக்கொள். உடைந்தால், அது நீ கையை ஆட்டி ஆட்டி அவனோடு ஜன்னலுக்குச் சண்டை போட்டு உடைந்ததாக இருக்கட்டும்.

மகராசியாக இரு. தூரமாகவே இரு.

உன் ஆயா
முனியம்மாள்